பிறர் பெயரில் போலிக் கணக்கு: சட்டம் எதைப் பார்க்கிறது?

இன்னொருவருடைய பெயரையும் படத்தையும் வைத்து பேஸ்புக்கில் கணக்குத் திறப்பது குற்றமா? பெற்றார் கூட்டம் முடிந்து நாங்கள் கதிரைகளை அடுக்கிக் கொண்டிருக்கும் நேரத்தில், யாராவது ஒரு தாயோ தந்தையோ ஓரமாக வந்து மெதுவாகக் கேட்கின்ற கேள்வியாக இது இப்போது மாறிவிட்டது. கேட்பவர்களில் ஒரு சாராருக்கு மகளைப் பற்றிய பயம். இன்னொரு சாராருக்கு மகனைப் பற்றிய பயம். இரண்டாவது சாரார் பெரும்பாலும் "எங்கட பிள்ளை சும்மா பகிடிக்குத்தான் செஞ்சான் சேர்" என்றுதான் தொடங்குவார்கள்.

நான் சட்டத்தரணி அல்லன். பல வருடங்களாக வகுப்பறையில் நிற்கின்ற ஓர் ஆசிரியன். நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் பிள்ளைகளின் குறும்பு என்றால் சுவரில் எழுதுவது, பெயர் போடாத கடிதம் வைப்பது என்ற அளவில்தான் இருந்தது. இதற்கெல்லாம் எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆகவே கேள்விகள் அடிக்கடி வரத் தொடங்கிய பின்னர் சம்பந்தப்பட்ட சட்டங்களை எடுத்து வாசித்தேன், தெரிந்த சட்டத்தரணிகளிடம் கேட்டுத் தெளிந்தேன். அவ்வாறு விளங்கிக் கொண்டவற்றை எமது வாசகர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே தருகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான்: அந்தப் பெயரை வைத்து என்ன செய்யப்பட்டது என்பதையே சட்டம் முதலில் பார்க்கிறது. அதைப் பொறுத்து ஒன்றல்ல, நான்கைந்து சட்டங்கள் பாயலாம்.

ஆள்மாறாட்டம் என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது வாக்களிப்பு நிலையமும் பரீட்சை மண்டபமும்தான். ஆனால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே ஆள்மாறாட்டத்தின் மூலம் ஏமாற்றுதல் என்பது தனிக் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. 399 ஆம் பிரிவு அதனை வரையறுக்கிறது. தான் வேறொருவர் என்று பாசாங்கு செய்து ஏமாற்றுவதும், ஒருவரை இன்னொருவராகக் காட்டி ஏமாற்றுவதும் இதில் அடங்கும். அப்படிக் காட்டப்படும் ஆள் உண்மையில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கற்பனையான ஒருவராக இருந்தாலும் குற்றம் குற்றமே. இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் கணக்குத் திறந்து வெளிநாட்டில் உழைக்கும் எமது இளைஞர்களிடம் பணம் கறப்பவர்கள் "நான் யாருடைய பெயரையும் எடுக்கவில்லையே" என்று தப்ப முடியாமல் செய்வது இந்த விளக்கம்தான். 402 ஆம் பிரிவின்படி இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ கைப்பற்றியிருந்தால் 403 ஆம் பிரிவு வரும். அங்கே சிறை 7 ஆண்டுகள் வரை போகும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால் பொலிஸ் நிலையத்தில் போய் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். 398 ஆம் பிரிவு "ஏமாற்றுதல்" என்று எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரை நம்ப வைத்து, அவரிடமிருந்து பொருளைப் பெற வேண்டும். அல்லது நம்பியிராவிட்டால் அவர் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்ய வைத்து, அதனால் அவருடைய உடலுக்கோ மனதுக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ கேடு வர வேண்டும். அதாவது இந்தப் பிரிவின் பார்வையில் பாதிக்கப்பட்டவர் ஏமாந்தவரே. யாருடைய பெயர் பாவிக்கப்பட்டதோ அவர் அல்லர். உங்களுடைய பெயரில் கணக்குத் திறந்து உங்கள் மச்சானிடம் 50,000 ரூபா வாங்கினால் மச்சான்தான் பிரதான முறைப்பாட்டாளர், நீங்கள் சாட்சி. எனவே இருவருமாகப் போய் முறைப்பாடு செய்வது நல்லது. ஒருவர் மட்டும் போனால் பாதிக் கதைதான் பதியப்படும்.

பணம் எதுவும் கேட்காமல், ஒருவரை அவமானப்படுத்துவதற்காக மட்டும் அவருடைய பெயரில் கணக்கு நடத்தினால் என்ன? அப்போது ஏமாற்றுதல் பற்றிய பிரிவுகளைப் பொருத்துவது சிரமம். வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். அதற்கு முன் கணினிக் குற்றங்கள் பற்றிய சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம், போலிக் கணக்குத் திறப்பதைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. அது பேசுவது அனுமதியின்றி இன்னொருவருடைய கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைவதைப் பற்றி. போலியாகத் திறந்த கணக்குக்கும் திருடப்பட்ட கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் முக்கியமாகிறது. இன்று எமது ஊர்களில் அதிகம் நடப்பது இரண்டாவது வகை. தெரிந்தவர் ஒருவரின் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி வரும்: "உங்கட நம்பருக்கு ஒரு கோட் தவறி வந்திருக்கு, கொஞ்சம் அனுப்புங்க." அந்த ஆறு இலக்கத்தை அனுப்பிய சில நிமிடங்களில் கணக்கு கைமாறிவிடும். பிறகு அதே கணக்கிலிருந்து உங்கள் உறவினர்கள் எல்லோருக்கும் "அவசரம், வைத்தியசாலையில் நிற்கிறேன், காசு போடுங்கள்" என்று போகும். ஆள்மாறாட்டமும் பண மோசடியும் இதில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலாக இந்தச் சட்டத்தின் 3 ஆம் பிரிவும் வரும்: 1 இலட்சம் ரூபா வரை தண்டம், 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். குற்றமொன்றைச் செய்யும் நோக்கத்தோடு நுழைந்தால் 4 ஆம் பிரிவின் கீழ் தண்டம் 2 இலட்சம் வரை உயரும். கணவனின் தொலைபேசியை மனைவியோ மனைவியின் கணக்கை கணவனோ கடவுச்சொல்லை ஊகித்துத் திறந்து அவருடைய பெயரில் செய்தி அனுப்புவதும் சட்டத்தின் சொற்களுக்குள் வரக்கூடியதே. விவாகரத்து வழக்குகள் நடக்கும் குடும்பங்களில் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

அடுத்தது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரி 24 அன்று 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகரின் சான்றைப் பெற்றது. ஆள்மாறாட்டத்தின் மூலம் இணையவழியில் ஏமாற்றுவதை இது தனிக் குற்றமாகவே சொல்கிறது. செய்தவர் நாட்டுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் பொருந்தும் என்கிறது. ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கில் அவருடைய தனிப்பட்ட தகவல்களை வெளியிடுவதும் இதன் கீழ் குற்றமாகும். அரசாங்கத்தை விமர்சிப்பவர்களின் வாயை அடைக்கும் கருவியாக மாறலாம் என்று ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு என்பதே எனது அபிப்பிராயமும். எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட்டு ஒரு சிறுபான்மைச் சமூகம் நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண ஆள்மாறாட்ட முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, மேலே சொன்ன பழைய பிரிவுகளே போதுமானவை. ஆகவே "புதுச் சட்டம் ஒழுங்காக வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இனி அவமானப்படுத்துவதற்காகச் செய்யப்படும் போலிக் கணக்குக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வரையில் மிக அதிகமாக மறைக்கப்படுவதும் இதுதான்.

ஒரு மாணவியின் பெயரில் கணக்கு. படம் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் எடுத்தது. இரண்டு நாட்களில் அந்தக் கணக்கிலிருந்து கண்ட கண்ட பேர்களுக்கெல்லாம் செய்திகள் போகின்றன. ஒரு வாரத்தில் முகம் மட்டும் அவளுடையதாகவும் உடல் வேறு யாருடையதாகவும் உள்ள படங்கள் வருகின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த வேலையைச் சில விநாடிகளில் முடித்துக் கொடுக்கின்றன. பிறகு "காசு தா, அல்லது வெளியே வந்து சந்தி" என்ற மிரட்டல்.

இதில் எத்தனை குற்றங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறைக்குரியது. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்குமாறும் நீதிமன்றம் உத்தரவிடலாம். சொற்களால் செய்தாலும் அது தொந்தரவுதான். தொட வேண்டும் என்றில்லை. பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் சிறுவர் ஆபாசப் படங்கள் பற்றிய 286அ பிரிவு வரும். அதில் சிறைத்தண்டனை 2 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 10 ஆண்டுகளுக்கு மேற்படாமலும் இருக்கும். படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் கூட அந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதை வட்ஸ்அப் குழுக்களில் "யாருடைய மகள் என்று தெரிகிறதா?" என்று கேட்டுப் பகிர்கின்ற பெரிய மனிதர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். காசு கேட்டு மிரட்டுவது கப்பம். அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? முதலில் பிள்ளைக்கு அடி. பிறகு தொலைபேசி பறிப்பு. பிறகு பாடசாலையிலிருந்து நிறுத்தம். சில வீடுகளில் அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடல். "பொலிசுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும்." மிரட்டுபவன் நம்பியிருப்பது இந்த ஒரு வசனத்தைத்தான். குற்றம் செய்யாத பிள்ளையின் படிப்பு நின்று போகிறது. செய்தவன் வகுப்புக்கு வந்து போகிறான். இதை நான் வகுப்பேட்டில் பார்த்திருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு பெயருக்கு எதிரே வரிசையாக வரவின்மைக் குறிகள் விழுந்துகொண்டே போகும். காரணம் கேட்டால் "சுகமில்லை" என்பார்கள்.

குற்றவியல் வழி தவிர சிவில் வழியும் உண்டு. மானநட்டத்தைக் குற்றமாகக் கருதிய பிரிவுகளை 2002 ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே "மானநட்டம் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்று சவால் விடுவதில் பயனில்லை. ஆனால் உரோம டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்குத் தொடரலாம். காலவரையறை இரண்டு ஆண்டுகள். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று இழுத்துக்கொண்டே போய் அந்த இரண்டு ஆண்டுகளைத் தொலைத்துவிட வேண்டாம். பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை அலுவலகங்களை நாடலாம்.

எமது சமூகத்துக்கென்று தனியாக இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முஸ்லிம் பெயரொன்றில் ஆத்திரமூட்டும் பதிவொன்று வந்தால் என்ன நடக்கும் என்று எமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகன வன்முறைகளின் போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கும் அளவுக்கு நிலைமை போனது. 2019 மே மாதம் சிலாபத்தில், பிழையாக விளங்கிக் கொள்ளப்பட்ட ஒற்றை வரிப் பின்னூட்டம் கடைகள் மீதும் பள்ளிவாசல்கள் மீதும் தாக்குதலாக முடிந்தது. அங்கே எழுதியவர் தனது சொந்தக் கணக்கிலேயே எழுதினார். நாளை உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, நீங்கள் எழுதாத ஒன்று வந்தால்?

அந்த நேரத்தில் பொலிசார் கையில் எடுப்பது பெரும்பாலும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தை, அதாவது ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தை. அதன் 3 ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். நீதவானால் பிணை வழங்க முடியாது. விசேட சூழ்நிலைகளில் மேல் நீதிமன்றம் மட்டுமே வழங்கலாம். எழுத்தாளர் ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் ஒரு பேஸ்புக் பதிவுக்காகக் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்தான். அவர் எழுதியது அவருடைய சொந்தப் பதிவு, அதுவும் வன்முறையைத் தூண்டாத பதிவு. அதற்கே இந்த நிலை என்றால், "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்று நிரூபிக்க வேண்டிய ஒருவருடைய பாடு எப்படி இருக்கும்? ஆகவே உங்கள் பெயரில் போலிக் கணக்கொன்று இருப்பது தெரிந்த அன்றே, அதில் வெறும் பூப்படம் மட்டும் இருந்தாலும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தையும் பிரதியையும் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் அந்தப் பூப்படத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால், அந்தத் துண்டுக் கடதாசியின் திகதி உங்களுக்காகப் பேசும். பள்ளிவாசல் நிர்வாகிகள், மௌலவிமார், அதிபர்கள் ஆகியோர் விடயத்தில் இது இன்னும் அவசியம்.

முறைப்பாட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஆதாரத்தைக் காப்பாற்றுவது. எம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "எல்லோரும் ரிப்போர்ட் அடியுங்கள்" என்று குழுக்களில் போட, இருபது முப்பது பேர் சேர்ந்து அடிக்க, கணக்கு காணாமல் போய்விடும். மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் பொலிசாரிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது; செய்தவன் மறுநாள் இன்னொரு கணக்குத் திறப்பான். முதலில் அந்தக் கணக்கின் முகப்பு, பதிவுகள், செய்திகள் எல்லாவற்றையும் திகதியும் நேரமும் தெரியும்படி திரைப்படம் பிடியுங்கள். கணக்கின் இணைப்பு முகவரியைத் தனியாகப் பிரதி எடுங்கள். பெயரை மாற்றினாலும் பேஸ்புக் அந்தக் கணக்குக்குக் கொடுத்த இலக்கம் மாறாது. வட்ஸ்அப் என்றால் இலக்கத்தைக் குறித்து, உரையாடலை அழிக்காமல் வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழி செய்திருக்கிறது.

பொலிசாருக்கும் ஒரு வசதி உண்டு. கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, அழிந்து போகக்கூடிய தகவலைப் பாதுகாத்து வைக்குமாறு அதை வைத்திருப்பவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கொடுக்கலாம். முதலில் 7 நாட்கள். நீதவான் அதனை 90 நாட்கள் வரை நீடிக்கலாம். இந்தக் கணக்கைப் பார்த்தாலே, முறைப்பாட்டை மாதக்கணக்கில் பிற்போடுவது ஏன் கூடாது என்பது விளங்கும். கணினிக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் இலங்கை 2015 இல் இணைந்திருப்பதால் வெளிநாட்டிலிருந்து தகவல் பெறுவதற்கும் ஒரு பாதை இருக்கிறது. அது வேகமான பாதை என்று நான் சொல்ல மாட்டேன்.

முறைப்பாட்டை உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்திலேயே செய்யலாம். தேவைப்பட்டால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகும். வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் எம்மில் நிறையப் பேர். கணக்கை மீட்பது போன்ற தொழில்நுட்ப உதவிக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. ஆதாரம் சேகரித்து, முறைப்பாடும் பதிந்த பிறகு, தாராளமாக எல்லோரையும் ரிப்போர்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, "பகிடிக்குத்தான் செஞ்சான்" என்ற தந்தைமாருக்கு. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 12 இலிருந்து 14 வரை, தான் செய்வது என்னவென்று விளங்கும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். 2018 இல் திருத்தப்பட்ட சட்டம் இதைத்தான் சொல்கிறது. அதற்கு மேற்பட்டவர், அதாவது பத்தாம் பதினோராம் வகுப்புப் பையன், சட்டத்தின் முன் தனது செயலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. சிம் அட்டை தகப்பனுடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டிருந்தால் பொலிசார் முதலில் தட்டுவது தகப்பனின் பெயரில் உள்ள கதவை. குற்றப் பொறுப்பு செய்தவருக்கே உரியது என்றாலும், "நான் செய்யவில்லை" என்று விளக்குவதற்கே நாட்கள் போய்விடும்.

பிள்ளை செய்தது தெரிய வந்தால் பல தந்தைமார் முதலில் செய்வது தொலைபேசியை உடைப்பது, அல்லது கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழிப்பது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். குற்றத்தின் சாட்சியத்தை அழிப்பது தனியொரு குற்றம். அதுவரை பிள்ளை மட்டும் இருந்த வழக்கில் தகப்பனும் சேர்ந்துவிடுவார். ஆசிரியர்களுக்கும் இதே விடயம்தான். வகுப்பில் பறித்த தொலைபேசியை ஆசிரியர் அறையில் எல்லோரும் கைமாற்றிப் பார்க்கும் பழக்கம் சில பாடசாலைகளில் இருக்கிறது. அதில் ஒரு மாணவியின் படம் இருந்தால் பார்ப்பவர்களும் சிக்கலுக்குள் வருகிறார்கள். அணைத்து, உறையில் போட்டு, திகதியிட்டு, அதிபரிடம் ஒப்படைத்து, பெற்றாரை அழைத்துப் பேசுவதே முறை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றார் முறைப்பாடு செய்வதாக முடிவெடுத்தால் அதைத் தடுத்து, பாடசாலையின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு ஆசிரியருக்குக் கிடையாது.